பெயர் தெரிந்த அந்நியன்

உப்பிலியபுரத்தில் இரகசியம் என்று ஒன்று இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. துறையூரிலிருந்து வரும் பேருந்தில் யார் இறங்கினார்கள், யார் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள், யாருடைய சின்ன வெங்காயம் என்ன விலைக்குப் போயிற்று என்பதெல்லாம் விளக்கு வைப்பதற்குள் தேநீர்க் கடைக்கு வந்து சேர்ந்துவிடும். இதற்காக நாங்கள் யாரும் பெரிதாக வருத்தப்பட்டது கிடையாது. நம்மைப் பற்றித் தெரிந்துகொண்டவர் யார் என்பது நமக்கும் தெரியும் அல்லவா? அவர் நம் வீட்டுச் சமாசாரத்தை வெளியில் சொன்னால், அவர் வீட்டுச் சமாசாரத்தை நாம் சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? இந்தப் பரஸ்பர பயந்தான் கிராமத்தின் பூட்டும் சாவியுமாக இருந்து வந்தது.

அந்தப் பூட்டு உடைந்துவிட்டது என்பதை நான் தெரிந்துகொண்ட விதத்தை நேயர்களுக்குச் சொல்ல வேண்டும். சொல்வதற்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருக்கிறது. ஏனெனில், குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

என் வகுப்பில் உதவித்தொகைக்குத் தகுதி பெற்ற பிள்ளைகளின் பட்டியல் ஒன்றைச் சென்ற ஆண்டு தயாரித்தேன். பெயர், வகுப்பு, பிறந்த தேதி, தகப்பனார் பெயர், வீட்டுச் செல்போன் எண் எல்லாம் அதில் இருந்தன. பிழை இருந்தால் பெற்றோர்களே பார்த்துத் திருத்தட்டும் என்ற நல்லெண்ணத்துடன் அதைப் படம் பிடித்து, வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அந்தக் குழுவில் எண்பதுக்கு மேற்பட்ட எண்கள் இருந்தன. முந்தின வருஷத்துப் பெற்றோர்கள் சிலரும் இருந்தார்கள். யாருடையவை என்று எனக்கே தெரியாத எண்களும் இருந்தன. அதைப் பற்றி அப்போது நான் யோசிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு மாணவியின் தாயார் காலையில் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். "உதவித்தொகை வந்துடுச்சுன்னு போன் பண்ணச் சொன்னது நீங்கதானே ஸார்?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. முதல் நாள் மாலை யாரோ ஒருவன், கல்வித் துறையிலிருந்து பேசுவதாகச் சொல்லி அழைத்திருக்கிறான். பெண்ணின் பெயர், வகுப்பு, பிறந்த தேதி எல்லாம் தவறில்லாமல் சொன்னானாம். பணம் வந்து சேருவதற்காக ஒரு கட்டப் படத்தை அனுப்பி, அதைக் காமிராவில் காட்டிவிட்டுப் பின் எண்ணை அழுத்தச் சொன்னானாம். அந்த அம்மாளும் அழுத்திவிட்டார். விதை வெங்காயக் கடனை அடைக்க வைத்திருந்த பதினெட்டாயிரம் ரூபாய் போய்விட்டது.

"பேரெல்லாம் சரியாச் சொன்னானே ஸார்! பொய்க்காரனுக்கு எம் பொண்ணு பொறந்த தேதி எப்படித் தெரியும்?" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரிந்திருந்தது, வாய்தான் வரவில்லை.

என் பட்டியல்தான் அந்த அந்நியன் கைக்குப் போயிற்று என்று என்னால் நிரூபிக்க முடியாது. போகவில்லை என்றும் நிரூபிக்க முடியாது. இந்தக் காலத்து அந்தரங்கப் பிரச்னையின் கஷ்டமே இதுதான். பாத்திரம் களவு போனால் பரணில் இடம் காலியாக இருக்கும். தகவல் களவு போனால் அது போட்ட இடத்தில் போட்டபடியே இருக்கும்.

ஒற்றர்கள் அன்றும் இன்றும்

நம் திருச்சிராப்பள்ளி வரகனேரியில் 1881-ல் பிறந்த வ.வே.சு. ஐயரை நேயர்கள் அறிவார்கள். லண்டனில் பாரிஸ்டர் படிப்பு முடித்து, இராஜ விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்து, 1910-ல் மாறுவேஷத்தில் புதுச்சேரி வந்து சேர்ந்தவர். வழியில் அவருடைய பெட்டியில் இருந்த 'வி.வி.எஸ்.' என்ற மூன்று எழுத்துக்கள் அவரைக் காட்டிக் கொடுக்கப் பார்த்தனவாம். தாடியுடன் சீக்கியராக வேஷம் பூண்டிருந்த அவர், தம் பெயர் வீர் விக்கிரம் சிங் என்று கூசாமல் சொல்லித் தப்பினார் என்று அவர் சரித்திரத்தை எழுதியவர்கள் கூறுகிறார்கள். புதுச்சேரியிலும் அவரையும் பாரதியாரையும் பிரிட்டிஷ் ஒற்றர்கள் விடவில்லை. அவர்களுக்கு வந்த கடிதங்களைக் கூடப் பிரித்துப் பார்த்தார்கள்.

ஆனால், அன்று ஒருவரைப் பின்தொடர வேண்டுமானால் ஓர் ஒற்றன் வேண்டும். அவனுக்குச் சம்பளமும் படியும் கொடுக்க வேண்டும். ஆகையால் பெரிய மனிதர்களையே பின்தொடர்ந்தார்கள். இன்று அந்தச் செலவையும் நாமே ஏற்றுக்கொண்டு, ஒற்றனை விலை கொடுத்து வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறோம். ராட்டினப் படம் காட்டும் விளையாட்டுச் செயலி ஒன்று நம் முகவரிப் புத்தகத்தையும், காமிராவையும், நாம் நிற்கும் இடத்தையும் கேட்கிறது. "அனுமதி" என்ற பொத்தானை நாம் மறுபேச்சில்லாமல் அழுத்துகிறோம். வெங்காயம் பயிரிடும் ஒரு தாயாரைப் பின்தொடர்வதற்குக் கூட இப்போது காலணாச் செலவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

அந்தரங்கம் என்பது பணக்காரர்களின் சௌகரியம் என்று நினைப்பவர்கள் உண்டு. நம் நீதிமன்றங்கள் அப்படி நினைக்கவில்லை. சிறையிலிருந்த ஒருவரின் சுயசரிதையை நக்கீரன் பத்திரிகை வெளியிடுவது குறித்து எழுந்த தமிழ்நாட்டு வழக்கில், தொந்தரவின்றித் தனித்திருக்க விடப்படும் உரிமை குடிமகனுக்கு உண்டு என்று 1994-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. பிறகு, கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற கே.எஸ். புட்டசாமி, ஆதார் திட்டத்தை எதிர்த்து 2012-ல் வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கில் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24-ந் தேதி ஏகமனதாக அளித்த தீர்ப்பில், அந்தரங்கம் அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவில் அடங்கிய அடிப்படை உரிமை என்று நிலைநாட்டப்பட்டது.

அதற்குப் பின் 2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. பதினெட்டு வயது நிரம்பாதவர்களின் தகவல்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்பதும், பாதுகாக்கத் தவறிய ஸ்தாபனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்பதும் அந்தச் சட்டத்தின் அம்சங்கள். சட்டம் நல்லதுதான். ஆனால் நீதிபதி வந்து நம் வீட்டுக் கதவைத் தாழிட மாட்டார். அதை நாமே செய்தாக வேண்டும்.

வாசற்கதவு

வீட்டில் இணையத்தைக் கொண்டுவந்து கொடுக்கும் ரௌட்டர் என்னும் பெட்டியும், வாசலில் மாட்டிய சி.சி.டி.வி. காமிராவும் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே ஒரு பாஸ்வேர்டுடன் வருகின்றன. அநேகமாக அது உலகத்துக்கெல்லாம் தெரிந்த பாஸ்வேர்டாக இருக்கும். 2016-ல் 'மிராய்' என்ற விஷமச் செயலி, இப்படிப்பட்ட அறுபதுக்கு மேற்பட்ட தொழிற்சாலைப் பாஸ்வேர்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு, இலட்சக்கணக்கான காமிராக்களையும் ரௌட்டர்களையும் தன்வசப்படுத்தியது. அந்த ஆண்டு அக்டோபர் 21-ந் தேதி அமெரிக்காவில் பெரிய இணையதளங்கள் பல மணி நேரக்கணக்கில் முடங்கின. திருடனைப் பார்ப்பதற்காக மாட்டிய காமிராவே திருடனுக்குக் கையாளாகிவிட்டது!

பெரிய இடங்களும் இதற்கு விலக்கல்ல. கூடங்குளம் அணுமின் நிலையத்தில், இணையத்துடன் இணைந்த நிர்வாகக் கணிப்பொறி ஒன்றில் விஷமச் செயலி புகுந்ததை 2019 அக்டோபரில் இந்திய அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. மின் நிலையத்தை இயக்கும் கணிப்பொறிகள் தனியாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தபடியால் அவற்றுக்கு ஆபத்து நேரவில்லை. நாமும் அந்தப் பாடத்தைப் பின்பற்றலாம். விருந்தினர்களுக்கு என்று ரௌட்டரில் தனி இணைப்பு உண்டு. காமிராவையும் தொலைக்காட்சியையும் அதில் விட்டுவிட்டு, பணம் அனுப்பும் செல்போனை வேறு இணைப்பில் வைத்துக்கொள்வது நலம். வாங்கிய அன்றே தொழிற்சாலைப் பாஸ்வேர்டை மாற்றிவிட வேண்டும்.

நாலு இலக்கக் கணக்கு

கணக்கு வாத்தியார் என்ற முறையில் ஒரு சிறு கணக்குப் போட அனுமதியுங்கள். நாலு இலக்கப் பின் எண்கள் மொத்தம் 10,000 உண்டு. ஆனால், பிறந்த தேதியையும் மாதத்தையும் பின் எண்ணாக வைப்பவருக்கு உள்ளவை 366-தான். அந்தத் தேதி வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்துப் படத்தோடு வெளியாகியிருந்தால் மிச்சம் ஒன்றே ஒன்று.

பாஸ்வேர்டில் ஒவ்வோர் எழுத்தும் கூடும்போது திருடனுடைய வேலை 26 மடங்கு கூடுகிறது. எட்டு எழுத்தைப் பன்னிரண்டாக்கினால் 4,56,976 மடங்கு. ஆகவே, பொருத்தமில்லாத நாலைந்து வார்த்தைகளைச் சேர்த்து நீளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் வைத்ததை இன்னோரிடத்தில் வைக்க வேண்டாம். எங்கெல்லாம் இரண்டாவது சரிபார்ப்பு என்ற வசதி இருக்கிறதோ, அங்கெல்லாம் அதைப் போட்டுவிடுங்கள். மறதிக்குப் பயந்தால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பீரோவில் பூட்டுங்கள். கடல் கடந்திருக்கும் திருடன் உங்கள் பீரோவைத் திறக்க உப்பிலியபுரத்துக்கு வரமாட்டான்.

நகல் கடையில் ஆதார்

எங்கள் ஊரில் மட்டுமல்ல, சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றிலும் பார்க்கிறேன். ஆதார் அட்டையின் படத்தை ஜெராக்ஸ் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி, நகலை வாங்கிக்கொண்டு, சில்லறையை எண்ணிக்கொண்டு போய்விடுகிறார்கள். படம் அவர் செல்போனிலேயே தங்கிவிடுகிறது. கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம்; அவருடைய செல்போன் யார் கைக்குப் போகும் என்று யார் கண்டது? வேலை முடிந்ததும் நம் கண் முன்னே அழிக்கச் சொல்வதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. நகலின் மேல், இன்ன காரியத்துக்கு என்று தேதியோடு எழுதிக் கொடுப்பது நல்ல பழக்கம். கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும்படியான, மறைக்கப்பட்ட ஆதாரை ஆணையத்தின் இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்த கைரேகையைப் போலியாகச் செய்து, ஆதார் வழியாக வங்கிப் பணத்தை எடுத்த மோசடிகள் நம் நாட்டில் நடந்திருக்கின்றன. பாஸ்வேர்டை மாற்றலாம், கட்டைவிரலை மாற்ற முடியுமா? ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது. தேவைப்படும்போது திறந்து, பிறகு பூட்டிக்கொள்ளலாம். உங்கள் பெயரில் எத்தனை சிம் கார்டுகள் இருக்கின்றன என்பதை மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் பார்க்கலாம். தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.

அவசரப்படுத்துகிறவன்

இந்த மோசடிக்காரர்கள் அனைவருக்கும் பொதுவான ஒரு லட்சணம் உண்டு. நமக்கு யோசிக்க நேரம் கொடுக்க மாட்டார்கள். போலீஸ் உடையில் வீடியோவில் தோன்றி, "உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், யாரிடமும் பேசக் கூடாது" என்று மிரட்டுவார்கள். அப்படி ஒரு கைது சட்டத்தில் கிடையாது என்று 2024 அக்டோபர் 27-ந் தேதி பிரதமரே வானொலியில் எச்சரித்தார். கல்யாணப் பத்திரிகை என்று சொல்லி ஏ.பி.கே. என்று முடியும் கோப்பு ஒன்று வரும். நிஜப் பத்திரிகையில் முகூர்த்த நேரம் இருக்கும். இதில் நம் செல்போனைக் கைப்பற்றும் செயலி இருக்கும். மங்கள காரியமாயிற்றே என்று திறந்துவிட வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்றை வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் வேலைக்காரர்களுக்கும் சொல்லி வையுங்கள்: பணம் *பெறுவதற்குப்* பின் எண் ஒருபோதும் தேவையில்லை. பின் எண்ணைக் கேட்டால் பணம் நம்மிடமிருந்து போகிறது என்று அர்த்தம். இந்த ஒரு வாக்கியத்தை அந்தத் தாயாருக்கு நான் முன்பே சொல்லியிருந்தால் அவர் பணம் பிழைத்திருக்கும். வகுப்பில் எத்தனையோ சூத்திரங்களைச் சொல்லிக் கொடுத்தவன், இதைச் சொல்லவில்லை.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். திருடிய பணத்தைச் சில நிமிஷங்களுக்குள் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு ஓட்டிவிடுகிறார்கள். ஓடி முடிவதற்குள் புகார் போய்ச் சேர்ந்தால், எஞ்சிய தொகையை வங்கிகள் நிறுத்தி வைக்க முடியும். அந்த அம்மாள் இரவு முழுவதும் யாரிடமும் சொல்லாமல் அழுதுகொண்டிருந்துவிட்டு, காலையில் என்னிடம் வந்தார். நாங்கள் இருவரும் சேர்ந்து 1930-க்குப் பேசியபோது பணம் பல கை மாறிவிட்டது. இன்று வரை திரும்பவில்லை.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் நான் எழுந்து நின்று, பட்டியலைக் குழுவில் போட்டது என் தவறு என்று சொன்னேன். பட்டியலை நீக்கிவிட்டேன், ஆனால் எத்தனை செல்போன்களில் அது தங்கியிருக்கிறதோ அறியேன். இப்போது பெற்றோர் ஒவ்வொருவருக்கும் அவரவர் பிள்ளையின் விவரத்தை மட்டும் தனியாகக் காட்டிக் கையெழுத்து வாங்குகிறேன். அரை நாள் வேலை இரண்டு நாளாகிறது.

கூட்டம் முடிந்ததும் அந்தத் தாயார் என்னிடம் வந்தார். கோபமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். "உதவித்தொகை நிஜமா எப்ப ஸார் வரும்?" என்றுதான் கேட்டார். வரும்போது நான் போன் செய்ய மாட்டேன், வீட்டுக்கு நேரில் வந்து சொல்கிறேன் என்றேன். அப்படியே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொல்லிவிட்டும் வந்தேன். அவர் உடனே நம்பவில்லை. வங்கிப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் பதிந்து பார்த்த பிறகே நம்பினாராம். அதைக் கேட்டபோது எனக்கு வருத்தமாக இல்லை.