ஐன்ஸ்டீனை முந்திய டுபாக்கூர் விஞ்ஞானி!

ஐக் ஆன்ட்கேர்... இந்தப் பேரை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா? கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆராய்ச்சியாளர். 2010-ல், அதிகம் மேற்கோள் காட்டப்படுற விஞ்ஞானிகளோட ஒரு வரிசையில சார் இருந்தது 21-வது இடத்துல. நம்ம ஐன்ஸ்டீன்? பாவம், 36-வது இடம்தான்!

'யாருப்பா அது? எந்த யுனிவர்சிட்டி? என்ன கண்டுபிடிச்சார்?'னு தேடப் போறீங்களா? கொஞ்சம் இருங்க. அந்தப் பேரை வேகமா நாலு தடவை சொல்லிப் பாருங்க. ஐக் ஆன்ட்கேர்... ஐக்கான்ட்கேர்... 'ஐ கான்ட் கேர்'! ஆமாங்க, அப்படி ஒரு ஆளே கிடையாது!

இந்த டுபாக்கூர் விஞ்ஞானியைப் பெத்து வளர்த்தவர் சிரில் லாபே. ஃபிரான்ஸ் நாட்டுல, கிரெனோபிள் நகரத்துல கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆராய்ச்சியாளர். இதை அவர் சும்மா கலாய்க்கறதுக்காகச் செய்யலை. 'எத்தனை பேப்பர்? எத்தனை சைட்டேஷன்?'னு எண்ணிக்கையை மட்டும் வெச்சு ஆளை எடை போடறதுல எவ்வளவு பெரிய ஓட்டை இருக்குன்னு காட்டத்தான் செஞ்சார்.

'இதெல்லாம் புரொஃபசர்கள் சமாசாரம், நமக்கென்ன?'னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் வந்தா 'பேப்பர் போட்டாச்சா?'ங்கற கேள்வி உங்க டிபார்ட்மென்ட் வராண்டாவுக்கும் வரும். எம்.இ., பிஹெச்.டி.ன்னு போனா நிழல் மாதிரி கூடவே வரும். அதனால இந்த ஆட்டத்தோட ரூல்ஸைத் தெரிஞ்சு வெச்சுக்கறது நல்லது.

எண்ண ஆரம்பிச்ச கதை

நம்ம பேப்பர்ல இன்னொருத்தர் பேப்பரைக் குறிப்பிட்டு, 'இந்த விஷயம் அவர்கிட்டேர்ந்து எடுத்தது'ன்னு சொல்றதுதான் சைட்டேஷன். இதையெல்லாம் தொகுத்து 1964-ல் 'சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்' கொண்டு வந்தவர் அமெரிக்காவோட யூஜின் கார்ஃபீல்டு. ஒரு பேப்பரைப் பிடிச்சா, அதை வெச்சு பின்னாடி யார் யார் என்ன செஞ்சாங்கன்னு தேடிப் பிடிக்கலாம். தேடறதுக்கான வழிகாட்டிப் பலகை மாதிரி!

இந்த ஐடியாவோட பேரன் யாரு தெரியுமா? கூகுள்! 'நிறைய பேர் குறிப்பிடற பேப்பர் முக்கியமானதுன்னா, நிறைய பக்கங்கள் லிங்க் கொடுக்கற பக்கமும் முக்கியமானதுதானே?' இதை அடிப்படையா வெச்சுதான் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் 'பேஜ்ரேங்க்' முறையை 1998-ல் வெளியிட்டாங்க. 2004-ல் வந்தது கூகுள் ஸ்காலர். அதுக்கப்புறம் யாருக்கு எத்தனை சைட்டேஷன்னு யார் வேணும்னாலும் ஓசியிலேயே பார்க்கலாம்னு ஆகிடுச்சு.

அடுத்த வருஷமே, 2005-ல், இயற்பியல் பேராசிரியர் ஹோர்ஹே ஹிர்ஷ் 'ஹெச்-இண்டெக்ஸ்' கணக்கைச் சொன்னார். ரொம்ப சிம்பிள். உங்ககிட்ட 5 பேப்பர் இருக்கு. அதுக்கு வந்த சைட்டேஷன் 20, 9, 4, 3, 1 அப்படின்னு வெச்சுக்குவோம். குறைஞ்சது 3 சைட்டேஷன் வாங்கின பேப்பர் 3 இருக்கா? இருக்கு. குறைஞ்சது 4 வாங்கினது 4 இருக்கா? இல்லை. அப்போ உங்க ஹெச்-இண்டெக்ஸ் 3. அவ்வளவுதான்!

இதுல ஒரு கூத்து. வாழ்க்கையில ஒரே ஒரு பேப்பர் எழுதி, அதுக்கு ஆயிரம் சைட்டேஷன் வாங்கினாலும் உங்க ஹெச்-இண்டெக்ஸ் வெறும் 1. சுமாரா பத்து பேப்பர் எழுதி, ஆளுக்குப் பத்து சைட்டேஷன் தேத்தினவர் 10 மார்க்கோட முன்னாடி போயிடுவார்!

நம்ம துறை கொஞ்சம் தனி ரூட்டு

மத்த சயின்ஸ்ல ஜர்னல்தான் ராஜா. கம்ப்யூட்டர் சயின்ஸ்ல கதையே வேற. இங்கே நல்ல நல்ல சரக்கெல்லாம் முதல்ல கான்ஃபரன்ஸ்லதான் வரும். இன்னிக்கு சாட்ஜிபிடி மாதிரியான சமாசாரங்களுக்கு அஸ்திவாரமான 'டிரான்ஸ்ஃபார்மர்' பேப்பர், எட்டு பேர் சேர்ந்து 2017-ல் ஒரு கான்ஃபரன்ஸ்ல வெளியிட்டது. அதுக்கு இப்போ ஒரு லட்சத்துக்கும் மேல சைட்டேஷன்!

இது தெரியாம ஜர்னலை மட்டும் எண்ணினா என்ன ஆகும்? 2017-ல் அதுதான் நடந்தது. 'யூ.எஸ். நியூஸ்' வெளியிட்ட கம்ப்யூட்டர் சயின்ஸ் ரேங்க் பட்டியலைப் பார்த்து, அமெரிக்காவோட 'கம்ப்யூட்டிங் ரிசர்ச் அசோசியேஷன்' கொதிச்சுப் போச்சு. 'கான்ஃபரன்ஸ் பேப்பர்களைக் கணக்குல எடுக்காத இந்தப் பட்டியலை யாரும் நம்பாதீங்க'ன்னு பகிரங்கமா அறிக்கையே விட்டாங்க.

இன்னொரு பக்கம், 'சிஎஸ்ரேங்கிங்ஸ்'னு ஒரு பட்டியல் இருக்கு. அது சைட்டேஷனை எண்ணறதே இல்லை. குறிப்பிட்ட சில டாப் கான்ஃபரன்ஸ்ல எத்தனை பேப்பர் வந்திருக்குன்னு மட்டும் பார்க்கும். ஒரு பேப்பரை நாலு பேர் எழுதினா ஆளுக்குக் கால் பங்குதான் கிரெடிட்! ஆக, எதை எண்ணறோமோ அதைப் பொறுத்து ஃபர்ஸ்ட் ரேங்க் மாறும். ரேங்க் பார்க்கறதுக்கு முன்னாடி 'எதைப்பா எண்ணினீங்க?'ன்னு கேட்கறது புத்திசாலித்தனம்.

ஓட்டை வழியா புகுந்தவர்கள்

சரி, ஐக் ஆன்ட்கேர் எப்படி ஜெயிச்சார்?

2005-ல் எம்.ஐ.டி. மாணவர்கள் மூணு பேர் 'சைஜென்'னு ஒரு புரோகிராம் எழுதினாங்க. பட்டனைத் தட்டினா போதும்... கிராஃப், படம், ரெஃபரன்ஸ் எல்லாத்தோடயும் ஒரு கம்ப்யூட்டர் சயின்ஸ் பேப்பர் ரெடி. பார்க்க கனகச்சிதம், படிச்சா சுத்த உளறல்! அதுல ஒண்ணை ஒரு கான்ஃபரன்ஸுக்கு அனுப்பினாங்க. ஏத்துக்கிட்டாங்க! விஷயம் வெளியே கசிஞ்சதும்தான் கேன்சல் பண்ணினாங்க.

லாபே அதே புரோகிராமை வெச்சு நூறு பேப்பர் தயாரிச்சார். ஒவ்வொண்ணும் மத்த எல்லாத்தையும் மேற்கோள் காட்டும். எல்லாத்தையும் கூகுள் ஸ்காலர் கண்ணுல படற மாதிரி வெச்சார். ஸ்காலரும் சமர்த்தா எண்ணிச்சு. ஹெச்-இண்டெக்ஸ் 94! ஐன்ஸ்டீனுக்கு 84.

ஆனா, இது விளையாட்டோட நிக்கலை. அதே மாதிரி சைஜென் உளறல்கள் நிஜமான பதிப்பகங்கள்லயும் இருக்கான்னு லாபே தேடினார். கிடைச்சது! 2014-ல் ஸ்பிரிங்கரும் ஐ-ட்ரிபிள்-இ-யும் 120-க்கும் மேற்பட்ட பேப்பர்களை நீக்க வேண்டியதாச்சு. பேரைக் கேட்டாலே எழுந்து நிக்கற இடங்கள்லயே இந்த நிலைமை!

சொந்தப் பேப்பரையே மேற்கோள் காட்டறது இன்னொரு ரூட்டு. அது தப்பே இல்லை. ஒரே பிரச்னையில தொடர்ந்து வேலை செய்யறவங்க, பழைய வேலையைச் சொல்லித்தானே ஆகணும்? ஆனா அளவுன்னு ஒண்ணு இருக்கே! 2019-ல் 'நேச்சர்' இதழ் ஒரு கணக்கை வெளியிட்டது. அதுல சென்னையைச் சேர்ந்த ஒரு கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆராய்ச்சியாளரும் இருந்தார். அவர் 2017 வரைக்கும் வாங்கின சைட்டேஷன்ல 94 சதவீதம், அவரும் அவரோட சேர்ந்து எழுதினவங்களும் கொடுத்தது!

'கள்ள உணர்வு' தெரியுமா?

2021-ல் லாபேயும் அவரோட நண்பர்களும் இன்னொரு வேடிக்கையைப் பிடிச்சாங்க. சில பேப்பர்கள்ல 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்'ங்கற இடத்துல 'கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னெஸ்'னு இருந்தது. அதாவது, 'கள்ள உணர்வு'! 'பிக் டேட்டா' எங்கேப்பா? 'கொலோசல் இன்ஃபர்மேஷன்' ஆகிடுச்சு! மத்தவங்க எழுதினதை சாஃப்ட்வேர்ல போட்டு வார்த்தையை மாத்தி, காப்பி அடிச்சது தெரியாம தப்பிக்கப் பார்த்ததோட அடையாளம் இது.

சிரிச்சாச்சா? இனிமேதான் சீரியஸ். 2023-ல் ஹிண்டாவிங்கற பதிப்பகம் ஒரே வருஷத்துல 8,000-க்கும் அதிகமான பேப்பர்களை வாபஸ் வாங்கிச்சு. அதுல கம்ப்யூட்டர் சயின்ஸ் பேப்பர்களும் ஏகப்பட்டது. வாபஸ் ஆனா பேப்பர் காணாமப் போயிடாது. தலைப்புக்கு முன்னாடி 'ரிட்ராக்டட்'னு முத்திரை குத்தி அங்கேயே இருக்கும். கீழே எழுதினவங்க பேரும் இருக்கும். 'சும்மா என் பேரையும் சேர்த்துக்கோ மச்சி'ன்னு சொன்னவங்க பேரும்தான்!

நல்ல ஜர்னல் எதுன்னு சொல்ல யு.ஜி.சி. 2018-ல் 'கேர்' பட்டியலைக் கொண்டு வந்தது. 2025-ல் அதையும் நிறுத்திட்டாங்க. பிஹெச்.டி. தீசிஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி பேப்பர் கட்டாயம்ங்கற யு.ஜி.சி. விதியும் 2022-லயே போயிடுச்சு. ஆனாலும் பல இடங்கள்ல சொந்த விதிகள் இருக்கு. அதனால, எது நல்லது, எது டுபாக்கூர்னு பார்க்கற வேலை இப்போ நம்ம தலையிலயும்தான்.

காசு கட்டறதுக்கு முன்னாடி...

* 'மூணே நாள்ல அக்செப்டன்ஸ்'னு மெயில் வந்தா உஷார்! ஒழுங்கா படிச்சுப் பார்த்து ரிவ்யூ பண்ண வாரக்கணக்கு, மாசக்கணக்கு ஆகும்.

* காசு கேட்டாலே டுபாக்கூர்னு முடிவு கட்டாதீங்க. நல்ல ஓப்பன் ஆக்சஸ் ஜர்னல்களும் கட்டணம் வாங்கும். ரிவ்யூ நடக்குதாங்கறதுதான் கேள்வி.

* எடிட்டர் குழுவுல பெரிய பேர் இருக்கா? அவரோட சொந்தப் பக்கத்துல இந்த ஜர்னல் பேர் இருக்கான்னு பாருங்க.

* 'இம்பாக்ட் ஃபேக்டர்'னு பெருசா போட்டிருந்தா, அது கிளாரிவேட் நிறுவனம் கொடுத்ததான்னு பாருங்க. அதே மாதிரி பேரோட போலிகள் உலாவுது.

* கான்ஃபரன்ஸா? ஆஸ்திரேலியாவோட 'கோர்' பட்டியல்ல ஏ-ஸ்டார், ஏ, பி, சி-ன்னு தரம் பிரிச்சிருக்காங்க. ஒரு பார்வை பாருங்க. அதைவிட ஈஸி வழி... உங்க ப்ராஜெக்ட்டுக்கு உதவின நல்ல பேப்பர்கள் எங்கே வந்திருக்குன்னு பாருங்க.

* கூகுள் ஸ்காலர்ல 'சைட்டட் பை'யை க்ளிக் பண்ணி மூணு பேப்பராவது திறந்து படிங்க. பாராட்டியும் மேற்கோள் காட்டுவாங்க, 'இது தப்பு'ன்னு சொல்லவும் மேற்கோள் காட்டுவாங்க. ஸ்காலருக்கு ரெண்டும் ஒண்ணுதான்!

* பேப்பர் ஆகலையா? பரவாயில்லை. கோடை கிட்ஹப்ல போடுங்க, எப்படி ஓட்டறதுன்னு தெளிவா எழுதுங்க. இன்டர்வியூல காட்ட 'மூணு நாள் அக்செப்டன்ஸ்' பேப்பரைவிட அது நிச்சயம் பெட்டர்.

ஐக் ஆன்ட்கேருக்கு 94 மார்க் போட்ட யாரும், அவர் பேப்பர்ல முதல் பாராவைக்கூடப் படிச்சுப் பார்க்கலை. படிச்சிருந்தா அங்கேயே குட்டு உடைஞ்சிருக்கும். அதனால, 'அவருக்கு நூறு பேப்பர் இருக்கு, தெரியுமா?'ன்னு யாராவது பில்டப் கொடுத்தா, நீங்க கேட்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான்...

'அதுல எதைப் படிச்சீங்க பாஸ்?'