கடல்நீர்த் தொட்டியும் பச்சைநீர்ப் போத்தலும்

கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்போர் பெரிதும் விரும்புவது தெளிந்த நீரையே. கண்ணாடிக்கு அப்பால் மாசேதுமின்றி நீர் ஒளிர்தலைக் காணுங்கால், அதில் வாழும் உயிர்களெல்லாம் நலமாகவுள்ளன என்று எண்ணிக்கொள்கிறோம். மீன்களைப் பொறுத்தவரையில் இவ்வெண்ணம் பெரும்பாலும் பொருந்தும். ஆயின், அதே தொட்டியில் மட்டி, சிப்பி, இறகுப்புழு, கடற்பஞ்சு முதலியனவும் இருக்குமாயின், அவற்றுக்கு அத்தெளிவே பஞ்சமாகிவிடுகின்றது. இவை இரையைத் தேடிச் செல்லும் ஆற்றலற்றவை. நீரை வடித்து, அதில் மிதந்துவரும் நுண்ணிய பொருள்களை உண்டு வாழ்பவை. வடித்தெடுப்பதற்கு ஒன்றுமில்லாத நீரில் இவை தம் உடலிற் சேர்த்துவைத்ததைக் கரைத்துக்கொண்டு பல வாரங்கள், சிலபோது பல மாதங்கள், உயிர்தாங்கியிருந்து பின் ஒருநாள் இறந்துபடும். நோயினால் நேர்ந்தது என்று நாம் கருதும் இறப்பு, பலவிடத்துப் பட்டினியால் நேர்ந்ததேயாம்.

இப்பட்டினியை நீக்குதற்குரிய வழி, கடலில் மிதக்கும் நுண்பயிரை வீட்டிலேயே போத்தல்களில் வளர்த்தெடுத்தலாகும். அது செலவு மிகுந்ததன்று. பெரிய ஆய்வுகூடமும் வேண்டுவதில்லை. வேண்டுவன தூய்மையும் நாள் தவறாமையும் ஆகிய இரண்டே. அப்பயிரின் இயல்பையும், வளர்க்கும் முறையையும், நேரக்கூடிய இடர்களையும் ஈண்டுச் சுருக்கமாகக் கூற முற்படுகின்றோம்.

மிதக்கும் பயிர்

நீரோட்டத்தின் போக்கிலே மிதந்து திரியும் உயிர்களுக்குப் ‘பிளாந்தன்’ என்னும் பெயரை 1887 ஆம் ஆண்டில் வழங்கியவர் செருமானிய அறிஞர் விக்டர் என்சன் ஆவார். அலைந்து திரிவது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று இப்பெயர் பிறந்தது. இவ்வுயிர்களுள் சூரிய ஒளியைக் கொண்டு தமக்கு வேண்டிய உணவைத் தாமே ஆக்கிக்கொள்வன தாவரப் பிளாந்தன் எனப்படும். அவற்றை உண்டு வாழும் நுண்விலங்குகள் விலங்குப் பிளாந்தன் எனப்படும். உலகில் நிகழும் ஒளித்தொகுப்பில் ஏறத்தாழ அரைப்பங்கு இத்தாவரப் பிளாந்தன்களால் நிகழ்கின்றது. தரைக்குப் புல்லும் மரமும் எத்தன்மையனவோ, கடலுக்கு இவை அத்தன்மையன. நம் நாட்டைச் சூழ்ந்த கடலில் ஒரு வாளி நீரை மொண்டு பார்ப்பின், அது வெறும் நீராகவே தோன்றும். நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்துப் பார்த்தாலன்றி அதனுட் பயிர் இருப்பது புலனாகாது.

வீட்டில் வளர்த்தற்கு ஏற்றனவாக மூவகை அல்காக்கள் பெரிதும் பயன்படுகின்றன. முதலாவது நனோக்குளோரொப்சிசு. இதன் கலம் 2 முதல் 4 மைக்கிரோமீற்றர் விட்டமுடையது. ஒரு மில்லிமீற்றர் நீளத்தில் இருநூற்றைம்பது கலங்களேனும் வரிசையாக நிற்கலாம். கலச்சுவர் வலியது, வளர்ப்போர் சிறிது கவனக்குறைவாக இருப்பினும் தாங்கும். புதிதாகத் தொடங்குவோர் இதனையே கொள்ளல் நன்று. இரண்டாவது தெற்றாசெல்மிசு. இது ஏறத்தாழ 10 மைக்கிரோமீற்றர் அளவினது. நான்கு சவுக்குமுளைகளால் நீந்துவது. மூன்றாவது ஐசோக்கிரைசிசு. இது பொன்கலந்த பழுப்பு நிறமுடையது, கலச்சுவரற்றது, ஆதலின் எளிதிற் செரிப்பது, எளிதிற் கெடுவது. நனோக்குளோரொப்சிசில் ஈ.பி.ஏ. என்னும் கொழுப்பமிலமும், ஐசோக்கிரைசிசில் டி.எச்.ஏ. என்னும் கொழுப்பமிலமும் மிகுதியாகவுள்ளன. கடல்வாழ் குடம்பிகளின் வளர்ச்சிக்கு இவ்விரண்டும் இன்றியமையாதன. ஆகவே ஒன்றையே ஊட்டாது, இரண்டையும் கலந்து ஊட்டுதல் சிறப்புடையதாகும்.

ஆய்ந்தோர் வரலாறு

இப்பயிர்த்தொழில் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறுடையது. இங்கிலாந்தின் பிளிமத் நகரிலுள்ள கடலுயிரியற் கழகத்தைச் சேர்ந்த அலன், நெல்சன் ஆகிய இருவரும் கடற்பிளாந்தன்களைச் செயற்கையாக வளர்க்கும் முறையை விளக்கி 1910 இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பின்னர் மேரி பார்க் என்னும் அம்மையார், மான் தீவின் போட் எரின் என்னுமிடத்து மீன்குளத்திலிருந்து 1938 இல் ஓர் அல்காவைப் பிரித்தெடுத்தார். அதற்கு ஐசோக்கிரைசிசு கல்பானா எனப் பெயரிட்டு 1949 இல் விவரித்தார். அமெரிக்க அறிஞர்களான கில்லாட், இரைதர் என்போர் 1962 இல் ‘எஃப்’ எனப்படும் போசணைக் கரைசலை அமைத்தனர். அதன் செறிவைப் பாதியாகக் குறைத்த ‘எஃப்/2’ என்னும் கரைசலே இன்று உலகெங்கும் வழங்குகின்றது.

இவ்வரலாற்றில் நாம் கருத்திற்கொள்ள வேண்டிய செய்தியொன்று உண்டு. அம்மையார் 1938 இற் பிரித்தெடுத்த அவ்வல்காவின் வழித்தோன்றல்கள் இன்றும் வளர்ப்புத் தொகுதிகளில் உயிருடனுள்ளன. ஒரு கலத்தின் வாழ்வு சில நாள்களே. எனினும், குறித்த காலத்தில் ஒருவர் சிறிதளவை எடுத்துப் புதிய நீரில் இட்டு வந்தமையால், அவ்வழி எண்பது ஆண்டுகளுக்கு மேலாக அறாது நிற்கின்றது. போத்தலில் அல்கா வளர்க்கும் கலையின் சாரம் இதுவேயாம்.

வளர்க்கும் முறை

முதலில் நீர். கடலிலிருந்து கொணர்ந்த நீராயின் நெருக்கமான துணியால் வடித்தல் வேண்டும். செயற்கை உப்பைக் கரைத்த நீரும் தகும். கடல்நீரின் உவர்ப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு ஆகும். அதனைச் சிறிது ஐதாக்கி 25 முதல் 30 பங்கு வரையிற் கொள்ளுதல் இவ்வல்காக்களுக்கு உகந்தது. நீரமானியால் இதனை அளந்தறியலாம். பின்னர் நீரிலுள்ள பிறவுயிர்களை அழித்தல் வேண்டும். கொதிக்கவைத்தால் உப்புகள் சில வீழ்படிவாகுமாதலின், 80 பாகை சதமளவை வரையிற் சூடாக்கி, மூடிவைத்து ஆறவிடுதல் போதும். அன்றேல், வாசனையூட்டப்படாத, 5 வீத வலிமையுடைய வெளிற்றுந் திரவத்தை இலீற்றருக்கு ஏறத்தாழ 1 மில்லிலீற்றர் வீதம் சேர்த்து ஓரிரவு மூடிவைத்து, மறுநாள் சோடியம் தயோசல்பேற்றைச் சிறிது சிறிதாக இட்டுக் குளோரினை நீக்கலாம். குளோரின் அறவே நீங்கியதைச் சோதனைத்தாளால் உறுதிசெய்த பின்னரே வித்தை இடுதல் வேண்டும். வெளிற்றுந் திரவத்துடன் அமிலத்தையோ அமோனியாவையோ ஒருபோதும் கலத்தலாகாது; நச்சுவாயு தோன்றும்.

அடுத்து உணவு. எஃப்/2 கரைசலில் இலீற்றருக்கு 75 மில்லிகிராம் சோடியம் நைத்திரேற்றும் 5 மில்லிகிராம் சோடியம் பொசுபேற்றும் அடங்கும். இரும்பு, மங்கனீசு, நாகம் முதலிய உலோகங்கள் மிகச் சிறிதளவிலும், விற்றமின் பி1, பி12, பயோற்றின் என்பன அதனினும் சிறிதளவிலும் சேரும். கண்ணாடி போன்ற ஓடுடைய தயற்றங்களை வளர்ப்போர் மட்டும் சிலிக்கேற்றும் சேர்ப்பர். தோட்டப் பசளையைக் கரைத்து இடுவோரும் உளர். அதில் யூரியாவும் அமோனியா உப்பும் கலந்திருத்தலுண்டு. எஞ்சியது மீன்தொட்டியை அடையின் தீங்கு விளையும். ஆதலின் முறையாக அமைந்த கரைசலையே வாங்கிக் கொள்ளுதல் தக்கது.

பாத்திரம் பெரிதாயிருத்தல் வேண்டுவதில்லை. நன்கு கழுவிய, நிறமற்ற 2 இலீற்றர்ப் பிளாத்திக்குப் போத்தல்களே போதும். நான்கு பங்கு புதிய நீருக்கு ஒரு பங்கு வித்து என்னும் அளவில் இட்டு, வாயைத் தளர்வாக மூடி, கண்ணாடிக் குழாயொன்றை அடிவரை இறக்கிக் காற்றுப் பம்பியுடன் இணைத்தல் வேண்டும். காற்றுக்கல் பொருத்தலாகாது, நுண்குமிழிகள் நுரையை எழுப்பிக் கலங்களைப் போத்தலின் சுவரில் ஒட்டச் செய்யும். பெருங்குமிழிகள் கலங்களைப் படியவிடாது புரட்டிக்கொண்டிருக்கும். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டும் இவ்வழியே பயிருக்குக் கிடைக்கின்றது. அது குறையின் நீர் மேன்மேலும் காரத்தன்மை அடைந்து வளர்ச்சி தடைப்படும். குழாயின் நடுவே சிறிது பஞ்சை அடைத்துவைத்தல் காற்றிலுள்ள தூசியைத் தடுக்கும்.

ஒளிக்கு வெண்ணிற எல்.ஈ.டி. விளக்கொன்றைப் போத்தலுக்கு ஒரு சாண் தொலைவில் வைத்து, நாளொன்றுக்கு 16 மணி நேரம் எரியவிடலாம். நேர்வெயிலில் வைத்தல் நம் நாட்டுக்குப் பொருந்தாது. சிறுபோத்தலின் நீர் விரைவிற் சூடேறிப் பயிர் மாளும். நனோக்குளோரொப்சிசு 20 முதல் 28 பாகை வரையிற் செழிக்கும். பார்க் அம்மையாரின் ஐசோக்கிரைசிசு குளிர்நாட்டுக்குரியது. ஆகவே வெப்பநாட்டினர், தாகித்தித் தீவினின்று பெறப்பட்டதும், 2013 முதல் தைசோக்கிரைசிசு எனப் பெயர் மாற்றப்பட்டதுமான அதன் உறவினத்தையே பெரிதும் வளர்க்கின்றனர்.

பிரித்தலும் காத்தலும்

வித்திட்ட முதல் ஓரிரு நாள்களில் மாற்றமொன்றும் தோன்றாது. பின்னர் கலங்கள் ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பெருகும். நாளுக்கொரு முறை பிரியும் ஒரு கலம் பத்து நாள்களில் 1,024 கலங்களாகும். ஒரு வாரம் முதல் பத்து நாள்களில் நீர் கரும்பச்சையாகிவிடும். அப்பச்சையைக் கண்டு மகிழ்ந்து வாளாவிருத்தல் ஆகாது. அந்நிலையில் உணவு தீர்ந்துவருகின்றது. மேலுள்ள கலங்களின் நிழலால் உள்ளிருப்பவற்றுக்கு ஒளியும் கிட்டுவதில்லை. பெருக்கம் நின்று, பின்பு அழிவு தொடங்கும். நிறம் மஞ்சளித்தல், கட்டிகளாகத் திரளுதல், அடியிற் படிதல், கெட்ட நாற்றம் வீசுதல் என்பன அழிவின் அறிகுறிகளாம். அத்தகைய நீரைத் தொட்டியில் ஊற்றாது கொட்டிவிடுதலே முறை.

ஆகவே, வாரத்துக்கொரு நாளைக் குறித்துக்கொண்டு, அந்நாளிற் பாதியை எடுத்துப் பயன்படுத்தி, மறுபாதியுடன் புதிய நீரும் போசணையும் சேர்த்தல் வேண்டும். மூன்று நான்கு முறை இவ்வாறு செய்தபின் போத்தலையே மாற்றிவிடுதல் நன்று. பழைய போத்தலின் சுவரிற் பற்றீரியாக்கள் படர்ந்திருக்கும். எக்காலத்தும் ஒரே போத்தலை நம்பியிருத்தலாகாது. இரண்டு போத்தல்களை வேறுவேறு நாள்களிற் பிரித்து வருவதோடு, ஒரு சிறு குடுவையில் வித்தைத் தனியே சேமித்து, காற்றூட்டாது, மங்கலான ஒளியில் வைத்து, நாடோறும் ஒருமுறை அசைத்து வருதல் வேண்டும். பெரிய போத்தல் அழியுமிடத்து வழி அறாது காப்பது அக்குடுவையே. நனோக்குளோரொப்சிசைக் குளிர்ச்சாதனப் பெட்டியிலும் சில வாரங்கள் வைத்திருக்கலாம்.

பயிருக்குப் பெரும்பகை அதனை உண்ணும் நுண்விலங்குகளாம். அவற்றுள் ரொட்டிபர் தலையாயது. குஞ்சுகளுக்காக ரொட்டிபரையும் வளர்ப்போர், முதலில் அல்காப் போத்தல்களைக் கவனித்து முடித்த பின்னரே ரொட்டிபர்த் தொட்டியைத் தொடுதல் வேண்டும். குழாய், அகப்பை, துணி யாவும் இரண்டுக்கும் வேறுவேறாக இருத்தல் வேண்டும். ஈரக்கையின் ஒரு துளியிற் புகுந்த ரொட்டிபர் சில நாள்களிற் போத்தல் முழுவதையும் உண்டு தீர்த்துவிடும்.

ஊட்டும் அளவு

நூறு இலீற்றர்த் தொட்டிக்கு நாளொன்றுக்கு 10 மில்லிலீற்றர் வரையில் இட்டுத் தொடங்கி, நீரின் நைத்திரேற்று, பொசுபேற்று அளவுகளைச் சோதித்துக்கொண்டே சிறிது சிறிதாகக் கூட்டலாம். ஊட்டும் வேளையில் நுரைப்பிரிப்பானை ஓரிரு மணி நேரம் நிறுத்திவைத்தல் வேண்டும். எல்லாத் தொட்டிகளுக்கும் இவ்வுணவு வேண்டுமென நாம் கூறவில்லை. மீன்கள் மட்டும் வாழுந் தொட்டிக்கு இதனாற் பயன் சிறிதே. பவளவுயிர்களுட் பல தம் இழையத்துள் வாழும் அல்காக்களாலேயே பெரிதும் உணவு பெறுகின்றன. ஆயின், அத்துணையற்ற மென்பவளங்கள் சில தாவரப் பிளாந்தனை உண்டு வாழ்தலைச் செங்கடலில் ஆராய்ந்தோர் 1995 இல் வெளிப்படுத்தினர். தம் தொட்டியில் எவ்வகையுயிர் உள்ளது என்பதை அறிந்து ஊட்டுதலே அறிவுடைமை.

இதனினும் பெரும்பயன் ஒன்று உண்டு. கோமாளி மீனின் குஞ்சு முட்டையினின்று வெளிவந்தவுடன் உண்ணத்தக்க இரை ரொட்டிபரே. அந்த ரொட்டிபருக்கு உணவு பச்சைநீர். மன்னார்க் குடாவின் மறுகரையிலுள்ள தூத்துக்குடியில் 1981 இல் முத்துச்சிப்பிக் குடம்பிகளைச் செயற்கையாக வளர்த்தெடுத்தபோது அவற்றுக்கு ஊட்டப்பட்டதும் ஐசோக்கிரைசிசேயாகும். கடல்நீர்த் தொட்டிகளில் இன்று காணும் மீன்களுட் பெரும்பாலானவை பவளப்பாறைகளிலிருந்து பிடிக்கப்பட்டவை; நம் நாட்டுப் பாறைகளிலிருந்தும் அவை ஏற்றுமதியாகின்றன. அப்பாறைகளோ 1998 இலும் 2016 இலும் கடல்நீர் வெப்பமுற்றமையால் வெளிறி நலிந்தவை. பிடித்து விற்பதை விடுத்து, வளர்த்து விற்கும் நிலை வரவேண்டுமாயின், அதன் முதற்படி இப்பச்சைநீர்ப் போத்தலேயாம்.

ஒரு விளக்கு, ஒரு காற்றுப் பம்பி, நான்கு போத்தல்கள் இவ்வளவே இதற்குரிய முதல். கல்லூரி உயிரியல் ஆய்வுகூடத்தின் யன்னலோரத்திலும் இதற்கு இடமுண்டு. ஒரு வகுப்பு மாணவர் வித்தைக் காத்து, தமக்குப் பின்வரும் வகுப்பாரிடம் ஒப்படைத்து வருவாராயின், இன்று இடும் வித்து அடுத்த விழா மலர் வெளிவரும் நாளிலும் பசுமையாக இருக்கும். வாரத்தில் ஒரு நாளை மறவாதிருத்தலே அதற்கு நாம் செலுத்தும் விலை.