சித்திரையில் நுவரெலியா: குளிரும் கிழங்கும்

சித்திரை மாதத்து வெள்ளிக்கிழமை மாலைகளில் கொழும்பிலிருந்து மலைநாட்டுக்குப் போகும் வீதிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வான்களின் கூரையில் பெட்டிகள், உள்ளே பிள்ளைகள், மடியில் கம்பளிச் சட்டைகள். அவர்களிற் பலர் போவது நுவரெலியாவுக்கு. இரண்டு இரவு தங்கி, ஞாயிறு பின்னேரம் மறுபடியும் வெயிலுக்குள் இறங்குவார்கள். 'சீசன்' என்று தமிழரும் சிங்களவரும் ஒரே சொல்லால் அதனை அழைக்கின்றனர்.

வயலையும் வளவையும் விட்டுவந்து, தகரக் கூரையின் கீழ் சித்திரை வெயிலைக் கழித்தவர்களுக்கு இந்தக் கதை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் யாழ்ப்பாணத்து உருளைக்கிழங்குத் தோட்டத்தின் விதைக்கும் அந்த மலைக் குளிருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. வன்னியில் குடியேறிய எத்தனையோ குடும்பங்களின் பழைய ஊரும் அந்த மலைகளில்தான் இருக்கிறது.

மேலே ஏன் குளிர்கிறது?

மலை உச்சி சூரியனுக்குக் கிட்ட இருக்கிறது, ஆகவே அங்கே கூடுதலாக அல்லவா சுட வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். சூரியனின் தூரத்தோடு பார்த்தால் ஒரு மலையின் உயரம் ஒன்றுமேயில்லை. வெயில் முதலில் நிலத்தைச் சுடவைக்கிறது. நிலம் தன்மீதுள்ள காற்றைச் சுடவைக்கிறது. சூடான காற்று மேலே எழும்புகிறது. மேலே போகப் போக அதனை அமுக்கும் காற்றின் பாரம் குறைவதால் அது விரிகிறது, விரியும்போது குளிர்கிறது. சைக்கிள் ரியூப்பின் வால்வைத் திறந்து, சீறிவரும் காற்றில் விரலை வைத்துப் பாருங்கள். அதே விடயந்தான்.

சராசரியாக 1000 மீற்றர் ஏறினால் ஏறக்குறைய 6.5 பாகை செல்சியஸ் குறையும். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் உள்ளது. கணக்குப் போட்டால் 12 பாகை குறைய வேண்டும். கொழும்பின் சராசரி வெப்பம் 27, 28 பாகை. நுவரெலியாவில் 16 பாகை அளவு. கணக்குச் சரி.

சித்திரையில் கீழே வெக்கை கூடுவதற்கும் காரணம் உண்டு. ஏப்ரல் முதல் இரு வாரங்களில் சூரியன் தெற்கிலிருந்து வடக்காக இலங்கையின் நேர் மேலே கடந்து போகிறது. வாடைக்காற்றும் ஓய்ந்துவிட்டது, சோளகக் காற்று இன்னும் பிடிக்கவில்லை. காற்று அசையாத மாதம். புதுவருட விடுமுறையும் அப்போதுதான் வருகிறது. ஆகவே வசதியுள்ளவன் மலைக்கு ஏறுகிறான்.

யார் கண்டுபிடித்த ஊர்?

ஜோன் டேவி என்ற ஆங்கில வைத்தியர் 1819இல் இந்தச் சமவெளியைக் கண்டு எழுதினார். பின்னர் 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் அங்கே தனக்கு ஒரு மாளிகை கட்டினார்; அதுவே பிற்காலத்தில் கிராண்ட் ஹோட்டலின் பகுதியாயிற்று. நோயுற்ற படைவீரர்களைத் தேற்றுவதற்கும் அந்த ஊர் பயன்பட்டது. வன்னியிலே மலேரியாவோடு போராடியவர்களுக்கு இதன் காரணம் விளங்கும். மலேரியாக் கிருமி நுளம்பின் உடலினுள் சில நாட்கள் வளர்ந்த பிறகே மற்றவருக்குத் தொற்றும். குளிரில் அந்த வளர்ச்சி மெதுவாகிறது. கிருமி முற்றுமுன்னே நுளம்பு இறந்துவிடும். இந்த விளக்கம் அன்றைய வெள்ளைக்காரருக்குத் தெரியாது. மேலே போனால் காய்ச்சல் வராது என்பது மட்டும் அனுபவத்தில் தெரியும். (இலங்கை மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது 2016இல்.)

காய்ச்சலில் விழுந்து நுவரெலியாவில் தேறியவர்களில் ஒருவர் சாமுவேல் பேக்கர். அவர் 1848இல் தம் உறவினரோடும் வேலையாட்களோடும் இங்கிலாந்திலிருந்து மாடு, விதை, கலப்பை எல்லாம் கப்பலில் ஏற்றிவந்து அங்கே ஓர் ஆங்கிலக் கிராமத்தை உண்டாக்கப் பார்த்தார். முதற் போகம் பிழைத்தது. கிழங்கைப் புழு தின்றது, பயிரைக் காட்டு மிருகங்கள் தின்றன. பெரிய காடு வளர்ந்த மண் வளமான மண்ணாகத்தான் இருக்கும் என்று நம்பியிருந்தார். எருப் போடாமல் ஒன்றும் விளையாது என்று பிறகு கண்டார். காடு வெட்டிக் குடியேறிய நம்மவர் எத்தனை பேருக்கு இதே பாடம் கிடைத்தது! பேக்கர் 1855இல் ஊர் திரும்பிவிட்டார். மலைநாட்டு மரக்கறிச் செய்கை நிலைத்துவிட்டது.

1873இல் கிரகரி தேசாதிபதி காலத்தில் வாவி கட்டப்பட்டது. 1885இல் நானுஓயா வரை புகையிரதம் வந்தது. துரைமாரின் கிளப்பும் கோல்ப் மைதானமும் குதிரைப் பந்தயமும் உருவாகி, சித்திரைச் சீசன் ஒரு வழக்கமாயிற்று. துரைமார் போனபின் கொழும்புப் பணக்காரர் அந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டனர். இன்று வான் வாடகைக்குப் பிடிக்கக்கூடிய எவரும் போகிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெக்கையில் வாடும் பிள்ளைக்கு இரண்டு நாள் குளிர்காற்று நல்லதுதான்.

ஆனால் புகையிரத யன்னலால் தெரியும் பச்சைக் கம்பளத்தில் கூடையோடு நிற்பவர்களையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து அழைத்துவரப்பட்டவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் அவர்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களிற் பெரும்பாலானோரின் பிரஜாவுரிமையைப் பறித்தது. 1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்களுக்குப் பின் பல குடும்பங்கள் லயத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுக் காடுகளுக்கு வந்து குடிசை போட்டன. குளிரில் பிறந்து, கிணற்று நீர் இறைக்கவும் மிளகாய் நடவும் இங்கே பழகியவர்கள், பிறகு போரில் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தார்கள். இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களில் சிலருக்கு நுவரெலியா என்றால் பூங்காவும் வாவியும் நினைவுக்கு வராது. விடியக்காலைப் பிரட்டுக்களத்துப் பனிதான் நினைவுக்கு வரும்.

கிழங்குக்கு வேண்டிய இரவு

இப்போது பயிருக்கு வருவோம். உருளைக்கிழங்குச் செடி பகலில் இலையில் மாப்பொருளைச் செய்கிறது. இரவில் செடி மூச்சு விடும்போது அதில் ஒரு பங்கு செலவாகிறது. இரவு சூடாக இருந்தால் செலவு கூடும். அதோடு, சூடான இரவில் செடிக்குக் கிழங்கு கட்டும் தூண்டுதலே குறைந்துவிடும். இலையும் தண்டும் செழித்து நிற்கும், கிண்டிப் பார்த்தால் கோலிக்குண்டு அளவில் நாலைந்து இருக்கும். கிழங்கு நன்றாகக் கட்டுவதற்கு 20 பாகைக்குக் குறைந்த குளிரான இரவுகள் உகந்தவை. நுவரெலியாவில் அது ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. ஆனால் தை, மாசியில் வானம் வெளித்த இரவுகளில் பள்ளமான இடங்களில் உறைபனி விழுந்து இலையைக் கருக்கிவிடுவதும் உண்டு.

யாழ்ப்பாணத்தில் மார்கழியும் தையுந்தான் ஓரளவு குளிர்ந்த மாதங்கள். அதனால்தான் நம் விவசாயிகள் கார்த்திகைக் கடைசியில், மழை தணிந்ததும் நட்டு, மாசி பங்குனியில் கிண்டினார்கள். வேறு மாதத்தில் முயன்றவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

அப்படியானால் சொந்தக் கிழங்கிலேயே விதை எடுத்து அடுத்த மாரிக்கு வைக்கலாமே என்று பலர் யோசித்ததுண்டு. இங்கேதான் மலையின் குளிர் மறுபடியும் வருகிறது. உருளைக்கிழங்கைத் தாக்கும் வைரசு நோய்கள் பலவற்றை அழுக்கணவன் என்னும் சிறு பூச்சி செடிக்குச் செடி காவுகிறது. சூடான இடத்தில் அது வேகமாகப் பெருகும். செடி பார்வைக்கு நன்றாயிருக்கும், ஆனால் நோய் கிழங்கினுள் இறங்கிவிடும். அக்கிழங்கை விதையாக நட்டால் அடுத்த முறை விளைச்சல் குறையும், அதற்கடுத்த முறை இன்னும் குறையும். இதனைத்தான் 'விதை களைத்துப்போச்சு' என்று சொல்கிறோம். குளிரான உயரத்தில் அழுக்கணவன் குறைவு. ஆகவே நுவரெலியாப் பகுதியிலே அரசாங்க விதைக் கிழங்குப் பண்ணைகள் அமைந்தன. சீத்தா எலியாவில் ஆராய்ச்சி நிலையமும் உள்ளது. குளிர்நாடுகளிலிருந்து விதைக் கிழங்கு இறக்குமதி செய்வதும் இதே காரணத்தால்தான்.

போர்க்காலத்தில் பாதை மூடப்பட்டபோது விதையும் பசளையும் வடக்குக்கு ஒழுங்காக வரவில்லை. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தோட்டங்களையே விட்டு நடந்தனர். அடுத்த ஆண்டு உருளைக்கிழங்கு இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டபோது நுவரெலியா, வெலிமடை விவசாயிகள் விலைவீழ்ச்சியால் அடிபட்டனர். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டபோதும் மலைநாட்டு மரக்கறிச் செய்கை பலமாகப் பாதிக்கப்பட்டது. விருந்தினர் தட்டில் வைக்கும் கரட்டுக்கும் லீக்சுக்கும் பின்னால் இப்படியும் ஒரு கணக்கு இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. சரிவான நிலத்தில் வரப்பும் கல்லணையும் இல்லாமல் மரக்கறி போட்டால் மேல்மண் மழையோடு போய்விடும். நானுஓயா கொத்மலை ஓயாவோடு சேர்ந்து மகாவலிக்குப் போகிறது. அங்கே கரையும் மண் கீழேயுள்ள நீர்த்தேக்கங்களில் படிகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். லயங்களிலிருந்தும் சரிவுகளிலிருந்தும் மக்கள் பாடசாலைகளில் தஞ்சம் புகுந்தனர். இடம்பெயர்வு என்ற சொல்லை வடக்கு அறிந்ததுபோல் இப்போது மலையும் அறிந்திருக்கிறது.

மீளக்குடியேறிய காணியில் இந்த மாரிக்குக் கிழங்கு நட எண்ணுபவர்கள் விதை வாங்கும்போது அது எங்கே விளைந்தது, உறுதிப்படுத்தப்பட்ட விதையா என்று விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். கோழிமுட்டை அளவுக் கிழங்கு நடுவதற்குப் போதும். சாக்கில் குவித்து வைக்காமல், வெயில் நேரே படாத வெளிச்சத்தில் ஒற்றைத் தட்டாகப் பரப்பி வையுங்கள். முளை குட்டையாகவும் தடிப்பாகவும் வரும். வெள்ளையாக நீண்டு நூல்போல் முளைத்தால் இடம் இருட்டு என்று அர்த்தம். கொழும்புக்காரர் வான் பிடித்துத் தேடிப்போகும் குளிர், நமது தோட்டத்துக்கு மார்கழியில் ஐந்தாறு கிழமைதான் வரும். அதற்குமுன் செடி மண்ணில் நிற்க வேண்டும்.