சிலைக்குச் சாட்சி ஒரு புகைப்படம்

நிலம் வாங்கப் போகிறவர் முதலில் மூலப்பத்திரத்தைக் கேட்கிறார். பழஞ்சிலை வாங்குகிறவரும் அவ்வாறே கேட்க வேண்டும்: இது எங்கே இருந்தது, யார் யார் கைமாறி வந்தது? பத்திரம் இல்லாத சிலைக்குச் சில வணிகர்கள் பத்திரத்தையே புதிதாக உண்டாக்கிவிடுகிறார்கள். அத்தகைய பத்திரம் ஒன்றைப் பொய்யென்று காட்டிய சாட்சி புதுச்சேரியில் இருந்தது.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் பிரகதீஸ்வரர் கோயிலிலிருந்து 2006-ஆம் ஆண்டு சோழர் கால நடராசர் திருமேனி களவு போயிற்று. 2008-இல் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் அதை நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூரிடமிருந்து 51 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. 1968-71 ஆண்டுகளில் டெல்லியில் பணியாற்றிய சூடான் நாட்டுத் தூதரக அதிகாரி ஒருவர் வாங்கிச் சென்ற சிலை அது என்றன உடன்வந்த காகிதங்கள். அந்த ஆண்டுகளைத் தேர்ந்தெடுத்தது தற்செயலன்று. கலைப்பொருட் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை 1970-இல் உருவாயிற்று; இந்தியாவின் தொல்பொருள் சட்டம் 1972-இல் வந்தது. அதற்கு முன்பே வெளியேறிய சிலை என்றால் கேள்விகள் குறையும் என்பது கணக்கு.

ஆய்வுக்கூடம் இந்தப் பொய்யைக் கண்டுபிடிக்காதா? சுட்ட மண்ணின் வயதை வெப்ப ஒளிர்வு முறையால் அளக்கலாம். ஆனால் தென்னாட்டுத் திருமேனிகள் பெரும்பாலும் உள்ளே மண் இல்லாத கனவார்ப்புகள். உலோகத்திலுள்ள காரீயத்தின் ஐசோடோப்பு விகிதங்களை ஒப்பிட்டு, சிலை எந்தக் காலத்து மரபைச் சேர்ந்தது என்று ஓரளவு கூறலாம். சாரதா சீனிவாசன் இத்துறையில் ஆராய்ந்திருக்கிறார். (ஐம்பொன் என்கிறோமே, பொன்னும் வெள்ளியும் பெரும்பாலும் அணுவளவே, முக்கியமானவை செம்பு, வெள்ளீயம், காரீயம்.) இவை யாவும் சிலையின் பிறப்பைச் சொல்லும். 1970-இல் அது எந்தக் கோயிலில் இருந்தது என்று சொல்லமாட்டா.

அதைச் சொல்லப் புகைப்படம் வேண்டும். இங்கே வார்ப்பு முறையே நமக்கு உதவுகிறது. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவத்தைச் செய்து, அதன்மேல் வண்டல் மண்ணைப் பூசிச் சுடுகிறார்கள். மெழுகு உருகி வெளியேறிய இடத்தில் உலோகத்தை ஊற்றி, ஆறியபின் அச்சை உடைத்துவிடுகிறார்கள். ஓர் அச்சுக்கு ஒரு சிலைதான். ஆகவே இரண்டு நடராசர்கள் எவ்வளவு ஒத்திருந்தாலும், திருவாசியின் சுடர்களிலும், வார்ப்புக் குறைகளிலும், தேய்மானத்திலும் வேறுபடுவர். நம் கைரேகை போலத்தான்.

புதுச்சேரிக் கடற்கரையருகே, செயின்ட் லூயி வீதியில் உள்ளது பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். 1955-இல் தொடங்கப்பெற்ற இந்நிறுவனத்தார் கோயிற்கலை ஆராய்ச்சிக்காக ஊர் ஊராகச் சென்று எடுத்த படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். திருடனைப் பிடிக்க எடுத்தவை அல்ல அவை. ஊரும் கோயிலும் ஆண்டும் குறித்து வைத்தார்கள், அவ்வளவே. ஸ்ரீபுரந்தான் நடராசரை அவர்கள் 1994-இல் படமெடுத்திருந்தார்கள். கான்பெராச் சிலையுடன் ஒப்பிட்டபோது இரண்டும் ஒன்றென்று தெரிந்தது. 1971-க்குள் டெல்லியில் விலைபோன சிலை 1994-இல் ஸ்ரீபுரந்தானில் நிற்குமா?

விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலின் அர்த்தநாரீசுவரர் கற்சிலைக்கும் இதே கதைதான். சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் கபூரிடம் 2004-இல் வாங்கியபோது காட்டப்பட்ட ரசீது 1970-ஆம் ஆண்டினது. கோயிலில் எடுத்த புதுச்சேரிப் படமோ 1974-ஆம் ஆண்டினது.

இரு திருமேனிகளும் 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரால் டெல்லியில் திருப்பி ஒப்படைக்கப்பட்டன. 2011-இல் ஜெர்மனியில் கைதாகி மறு ஆண்டு இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கபூருக்கு, அரியலூர் மாவட்டச் சிலைத் திருட்டு வழக்கொன்றில் கும்பகோணம் நீதிமன்றம் 2022-இல் 10 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது.