தகரம் ஏற்றுமுன் பற்றுச்சீட்டு

பரந்தன் சந்தியில் ஏ-9 வீதியிலிருந்து முல்லைத்தீவு வீதி பிரிகிறது. இங்கே வாங்கும் கூரைத் தகரம் வட்டக்கச்சி வயல் வீட்டுக்கும் போகும், முல்லைத்தீவுக் கரைவலை வாடிக்கும் போகும். வாங்குபவர் நிறமும் விலையும்தான் கேட்கிறார். கடல் எவ்வளவு தூரம் என்று கடைக்காரரும் கேட்பதில்லை. வீட்டுத்திட்டக் காசு விடுவிக்கும் அலுவலர் கூரை ஏறிவிட்டதா என்று பார்க்கிறார். ஏறியது என்ன தகரம் என்று பார்ப்பவர் அரிது.

ஆனையிறவு உப்பை நம்பித்தான் பரந்தனில் ஒருகாலம் இரசாயனத் தொழிற்சாலை இயங்கியது. அதே உப்புத்தான் காற்றோடு வந்து கூரையிலும் படிகிறது.

கறள் முதலில் ஆணித் தலையைச் சுற்றித் தவிட்டு வளையமாகத் தெரியும். பிறகு வெட்டிய விளிம்பு, தாழ்வாரத்தின் அடிப்பக்கம். மேற்பக்கத்து உப்பை மழை கழுவிவிடும். அடிப்பக்கத்துக்கு நாம்தான் நல்ல தண்ணீர் அடிக்க வேண்டும்.

கரையோரத்துக்கு வெறும் நாகப்பூச்சுத் தகரம் வேண்டாம். அலுமினியமும் நாகமும் கலந்த பூச்சு, சதுர மீற்றருக்கு 150 கிராமாவது இருக்கட்டும். அலைத் தூவானம் படும் இடத்தில் அதையும் நம்ப வேண்டாம்; ஓடு போடுங்கள். ‘0.47’ என்று கடையில் சொன்னால், பூச்சோடு சேர்ந்த தடிப்பா, உள்ளே உள்ள உருக்கின் தடிப்பா என்று கேளுங்கள். ஆணி அடிக்காமல், இறப்பர் வொஷருடன் பூச்சுள்ள திருகாணி போடுங்கள். கிரைண்டரால் வெட்டினால் தீப்பொறி பட்ட இடமெல்லாம் கறள் பிடிக்கும். கறளுக்குப் பயந்து அஸ்பெஸ்ரோஸ் வாங்குவோரும் உண்டு. அதன் எல்லா வகையும் புற்றுநோய் தரும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இனிச் சொல்வதுதான் முக்கியம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். கறளோ அதற்குள் தெரியாமல் போகலாம். ஆகவே தகரத்தைக் கூரையில் ஏற்றுமுன் சரிபாருங்கள்.

கேட்டால் பற்றுச்சீட்டு தந்தே ஆகவேண்டும் என்பது சட்டம். திகதி, அளவு, விலையோடு விடாதீர்கள். தயாரிப்பாளர் பெயர், பூச்சு, தடிப்பு, ‘கடற்கரை வீட்டுக்கு’ என்ற சொல், எல்லாவற்றையும் எழுதுவியுங்கள். உத்தரவாத அட்டையைக் கடையில் நின்றே வாசியுங்கள். கடலுக்கு இத்தனை மீற்றருக்குள் செல்லாது என்ற நிபந்தனை சிறிய எழுத்தில் இருக்கலாம். தகரத்தில் அச்சிட்ட வரி இருந்தால் போனில் படம் எடுங்கள். சீட்டில் ஒன்று, தகரத்தில் வேறு என்றால் கூரையில் ஏற்றவே வேண்டாம். அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள், முறைப்பாட்டை எழுதி, சீட்டின் பிரதியோடு மாவட்டத்தில் உள்ள அதிகார சபை அலுவலரிடம் கொடுங்கள்.

மூன்று மாதம் போய்விட்டதென்றால் உத்தரவாத அட்டை இருக்கிறது, இணக்க சபை இருக்கிறது. இரண்டுக்கும் அந்தச் சீட்டு வேண்டும். காணி உறுதியோடு சேர்த்து வையுங்கள். வெப்பத்தாளில் (thermal paper) அச்சிட்ட சீட்டில் எழுத்து அழிந்துபோகும். வாங்கிய அன்றே ஒரு போட்டோக்கொப்பி எடுத்துவிடுங்கள்.