மண்ணை விட்டு நீங்காத விஷம்

வட ஆற்காட்டுப் பாலாற்றங்கரைக் குடியானவர்களின் குறை இன்று நேற்றுத் தோன்றியதன்று. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை முதலிய ஊர்களில் தோல் பதனிடும் சாலைகள் பெருகியதும், அவற்றின் கழிவுநீர் ஆற்றிலும் கிணற்றிலும் இறங்கியதும், நெல்லும் கரும்பும் தென்னையும் விளைந்த பூமி விளைவிழந்ததும் நமது வாசகர்கள் அறிந்த சங்கதிகளே. ஆயினும் இவ்விஷயத்தைப் பற்றிப் பேசுவோரில் பெரும்பாலோர் தண்ணீரைப் பற்றியே பேசுகிறார்கள். மண்ணுக்குள் சென்று தங்கிவிட்ட உலோகத்தைப் பற்றியும், அது பயிரையும், பயிரைத் தின்னும் பூச்சியையும், அப்பூச்சியைத் தின்னும் பூச்சியையும் என்ன செய்கிறது என்பதைப் பற்றியும் பேசுவோர் மிகச் சிலரே. கெட்ட தண்ணீர் நல்ல மழையால் ஓரளவு திருந்தும். மண்ணில் சேர்ந்த உலோகம் அவ்வாறு திருந்துவதில்லை. ஆதலால் இதனைச் சற்று விரிவாக ஆராய விரும்புகிறோம்.

முற்காலத்தில் நம் நாட்டார் ஆவாரம்பட்டை முதலிய பட்டைகளைக் கொண்டே தோலைப் பதனிட்டு வந்தனர். அதற்கு வாரக்கணக்கில் காலம் பிடித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் உத்தியோகஸ்தர் சென்னையில் குரோமியம் கொண்டு பதனிடும் முறையைப் பழக்கினார். வேலை விரைவில் முடிந்தது, தோலும் மிருதுவாயிற்று, நாளடைவில் அம்முறையே எங்கும் பரவிற்று. குரோமியத்தில் இரண்டு வகை உண்டு. பதனிடுவதற்குப் பயன்படுவது இணைதிறன் மூன்று கொண்டது. அது மண்ணோடு ஒட்டிக்கொண்டு அதிகம் நகராது. இணைதிறன் ஆறு கொண்ட மற்றொன்று கொடியது. நீரில் எளிதில் கரைந்து நிலத்தடி வரை செல்வது. இவ்வகை உப்புக்களைச் செய்துவந்த ராணிப்பேட்டைத் தொழிற்சாலையொன்று 1995-ல் மூடப்பட்டது. அது விட்டுச் சென்ற கழிவோ இரண்டு லட்சம் டன் அளவில் மலைபோல் வெட்டவெளியில் கிடந்தது. 2006-ல் அமெரிக்க ஸ்தாபனம் ஒன்று உலகத்தில் மிகவும் மாசடைந்த பத்து இடங்களின் ஜாபிதாவை வெளியிட்டபோது ராணிப்பேட்டையின் பெயரும் அதில் இருந்தது. இத்தகைய கீர்த்தியை நாம் யாரும் விரும்பவில்லை.

பயிருக்கு நேர்வது என்ன? கழிவுநீரிலுள்ள உப்பு முதலில் தாக்குகிறது. அதைக் குடியானவன் கண்ணால் காண்கிறான். உலோகம் பின்னால் தாக்குகிறது. கந்தகச் சத்தை உறிஞ்சுவதற்கென வேரில் அமைந்துள்ள வாயில் வழியாகவே கொடிய குரோமியம் உள்ளே நுழைகிறது. விதை முளைப்பது குறைகிறது. வேர் நீளாமல் கட்டையாகிறது. இரும்புச் சத்து இலையைச் சென்று சேராமல் இலை மஞ்சளிக்கிறது. உள்ளே சென்ற குரோமியத்தில் பெரும்பகுதி வேரிலேயே தங்கிவிடுவதால், உண்பவனைக் காட்டிலும் விளைவிப்பவனுக்கே அதனால் நஷ்டம் அதிகம்.

காட்மியம் என்னும் உலோகத்தின் நடத்தை இதற்கு நேர்மாறானது. பாட்டரிக் கழிவிலும், சுரங்கக் கழிவிலும், சிலவகைப் பாஸ்பேட் உரங்களிலுங்கூட அது இருக்கிறது. நெற்பயிர் அதனை உறிஞ்சிக்கொண்டு பச்சைப் பசேலென்று நிற்கும், கதிரும் முற்றும், விஷம் மணிக்குள் இருக்கும். குரோமியம் வெளிப்படையாகக் கொள்ளையிடும் திருடனென்றால், காட்மியம் வீட்டுக்குள்ளேயே வேலைக்கு அமர்ந்த திருடன்.

இனி, பூச்சியின் விஷயத்துக்கு வருவோம். 'மண்ணில் விஷமிருந்தால் பூச்சியும் சாகுமன்றோ? மருந்துச் செலவாவது மிச்சம்' என்று சிலர் நினைக்கலாம். நிக்கல், துத்தநாகம் முதலியவற்றை இலையிலே திரட்டி வைத்துப் புழுக்களை விரட்டும் செடிகள் உலகில் உண்டு என்பது மெய்யே. நெல்லும் கத்தரியும் அச்சாதியைச் சேர்ந்தவை அல்ல. மேலும், பல பூச்சிகள் உட்கொண்ட உலோகத்தைக் குடலில் சிறு மணிகளாகக் கட்டி வைத்து, எச்சத்தோடும் உரித்த சட்டையோடும் வெளியே தள்ளிவிடும் வல்லமை பெற்றவை. இங்கிலாந்தில் சாக்கடைக் கசடு கலந்த மண்ணில் கோதுமையை வளர்த்து ஆராய்ந்தபோது, காட்மியமும் துத்தநாகமும் மண்ணிலிருந்து கோதுமைக்கும், கோதுமையிலிருந்து அசுவினிக்கும், அசுவினியிலிருந்து பொறிவண்டுக்கும் செல்வது காணப்பட்டது. ஒரு பொறிவண்டு தன் வாழ்நாளில் நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்பது; அத்தனை அசுவினிகளிலும் உள்ள உலோகம் அதன் வயிற்றுக்குச் செல்கிறது. அசுவினியோ சில நாட்களுக்குள் பல்கிப் பெருகுவது. பொறிவண்டு அவ்வளவு விரைவில் பெருகுவதன்று. சத்துரு தப்பிப் பிழைக்க, குடியானவனுக்குக் கூலியின்றி உழைக்கும் மித்திரன் நலியும் அபாயம் இதில் அடங்கியிருக்கிறது. அப்பால் அவன் மருந்துக் கடைக்குக் கடனாளியாவதைத் தவிர வேறு வழி ஏது?

உலோகத்தைக் கொண்டே பூச்சியை வெல்லலாம் என்று எண்ணி ஏமாந்த தேசமும் உண்டு. 1890-களில் அமெரிக்கர் ஈயமும் பாஷாணமும் சேர்ந்த ஈய ஆர்ஸனேட் என்னும் மருந்தைக் கண்டுபிடித்து, ஆப்பிள் தோட்டங்களில் காய்ப்புழுவைக் கொல்ல வருஷந்தோறும் தெளித்தனர். சில தலைமுறைகளுக்குள் புழு அம்மருந்தைத் தாங்கப் பழகிக்கொண்டது. தோட்டக்காரர் இன்னும் அதிகமாகத் தெளித்தனர். உலக யுத்தத்துக்குப் பின் டி.டி.டி. வந்து அதன் இடத்தைப் பிடித்தது. 1988-ல் அம்மருந்து சட்டப்படி அடியோடு விலக்கப்பட்டது. புழு இன்றும் இருக்கிறது. ஈயமும் பாஷாணமும் அப்பழைய தோட்டங்களின் மேல்மண்ணில் இன்றும் இருக்கின்றன. தெளித்தவர்தாம் இல்லை.

நம் நாட்டு நியாயஸ்தலம் இவ்விஷயத்தில் உறங்கவில்லை. வேலூர் குடிமக்கள் நலச் சங்கத்தார் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பு சரித்திரப் பிரசித்தி பெற்றது. தோல் சாலைகள் நிறைந்த பிரதேசத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் முழுமையாகவோ பகுதியாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போயிற்றென்ற கணக்கு அத்தீர்ப்பிலேயே காணப்படுகிறது. கெடுத்தவனே ஈடு கொடுக்க வேண்டும் என்பதும், அந்த ஈட்டில் நிலத்தை மீட்கும் செலவும் சேரும் என்பதும் இத்தேசத்தின் சட்டமென்று நீதிபதிகள் கூறினர். அதன்பின் ஏற்பட்ட அதிகார சபை சுமார் 29,000 பேருக்குச் சுமார் 27 கோடி ரூபாய் நஷ்டஈடு விதித்தது. வகுத்துப் பார்த்தால் தலைக்குப் பத்தாயிரம் ரூபாய்கூட எட்டவில்லை! 2025 ஜனவரியில் அதே கோர்ட்டு மறுபடியும் பாலாற்றின் நிலையை விசாரித்து, நஷ்டஈட்டை விரைவில் கொடுக்கவும், கெடுத்தவரிடமிருந்து அதை வசூலிக்கவும் உத்தரவிட நேர்ந்தது. டிக்ரி பெறுவது எளிது, அதை நிறைவேற்றுவதே அரிது என்பது கோர்ட்டு வாசற்படியை மிதித்தவர் யாவருக்கும் தெரியும். ஆனால் முப்பது வருஷங்களை விழுங்கும் நிறைவேற்றத்தை எந்தக் கட்சிக்காரன்தான் பொறுப்பான்?

மண்ணை மீட்பது ஆகாத காரியமென்று சொல்வோருக்கு ஜப்பான் விடையளித்திருக்கிறது. அங்கே தொயாமா ஜில்லாவில் ஜின்ஸு நதிக்கரை வயல்களைச் சுரங்கக் கழிவிலிருந்து வந்த காட்மியம் கெடுத்தது. அந்த அரிசியை உண்டவர்கள் எலும்பு நொறுங்கித் துடித்தனர். 'ஐயோ, வலிக்கிறது' என்று பொருள்படும் இதாய்-இதாய் என்பதே அந்நோயின் பெயராயிற்று. கிராமவாசிகள் வழக்காடி 1971-லும், அப்பீலில் 1972-லும் வென்றனர். அவர்கள் பணத்தோடு திருப்தியடைந்து வீட்டுக்குப் போய்விடவில்லை. நிபுணரை அழைத்துக்கொண்டு சுரங்கத்துக்குள் சென்று சோதனையிடும் உரிமையையும், அதற்காகும் செலவையும் கம்பெனியிடமிருந்து எழுதி வாங்கினர். வருஷந்தோறும் சோதனையிட்டும் வந்தனர். 1979 முதல் 2012 வரை பாடுபட்டு, 860 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தை மீட்டு வயல்களைப் புதுப்பித்தார்கள்.

தோல் தொழில் ஒழிய வேண்டுமென்று நாம் கூறவில்லை. எத்தனையோ ஆயிரம் ஏழைக் குடும்பங்கள் அதனால் பிழைக்கின்றன. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஏற்பட்டிருப்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் அவை இனி வரும் நீருக்கேயன்றி முன்னமே மண்ணில் சேர்ந்த உலோகத்துக்குப் பரிகாரமாகா. நம் தோலை வாங்கும் ஐரோப்பியர், தம் உடம்பில் படும் தோற்பொருளில் கொடிய குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குக் குறைவாகவே இருக்கவேண்டுமென்று 2015 மே மாதம் முதல் சட்டமாக்கியிருக்கிறார்கள். ஐரோப்பியன் காலுக்கு உள்ள காவல் நம் குடியானவன் கழனிக்கு இல்லாமற்போவது சுயராஜ்யத்துக்கு அழகாகுமா?

ஆகவே நாம் கேட்பவை மூன்று. பாலாற்றுப் படுகையிலுள்ள கிராமங்களின் மண்ணையும், கிணற்று நீரையும், விளைபொருளையும் சர்க்கார் வருஷந்தோறும் சோதித்து, கண்ட உலோகக் கணக்கைத் தமிழில் எழுதிக் கிராமச் சாவடியில் ஒட்ட வேண்டும். சுத்திகரிப்பு நிலையங்களையும் கழிவுக் குவியல்களையும் நேரில் பார்வையிட, ஜப்பானியக் கிராமவாசிகளுக்குக் கிடைத்த உரிமை நம் கிராம சபைகளுக்கும் கிடைக்க வேண்டும். நஷ்டஈடு ரூபாயோடு நின்றுவிடாமல், நிலமே மீளும் வரை கெடுத்தவரைக் கட்டுப்படுத்த வேண்டும்.

தேசத் தொண்டில் ஈடுபட்டுள்ள அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. தீர்ப்பின் தமிழ்ப் பிரதியைக் கையில் எடுத்துக்கொண்டு கிராமந்தோறும் செல்லுங்கள். தம் உரிமை இன்னதென்று அறியாமலே அங்கே பலர் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு வெளியூருக்குக் கூலி வேலை தேடிச் செல்கிறார்கள். மண்ணில் விழுந்த உலோகம் தானாக அழியாது. அது நம் பேரர் காலத்திலும் அங்கேயே இருக்கும். அதனை எடுப்பிக்கும் பொறுப்பு இத்தலைமுறையினராகிய நம்மையே சார்ந்தது.