இணைப்பின் இழை

பொருள்கள் பல ஓரிடத்தில் குவிந்து கிடப்பதனால் மட்டும் பயன் விளைவதில்லை. அவை தக்க முறையில் ஒன்றோடொன்று இணையும்பொழுதே பயன் பிறக்கிறது. பாவும் ஊடையும் இணையாவிடின் ஆடை இல்லை. இணைப்பு எங்கே அறுகிறதோ, அங்கே பயனும் அறுகிறது. அவ்விடத்தைத் தேடிக் கண்டறிதல் ஓர் அரிய திறமை. அத்திறமையைச் சேலத்து நெசவாளர் தறியின் முன் அமர்ந்து பெறுகின்றனர். செல்பேசிச் செயலிகளை ஆக்குவோர் கணிப்பொறியின் முன் அமர்ந்து பெறுகின்றனர்.

சேலம், நாமக்கல் சமவெளியில் நெசவு பழமையான தொழில். சேலத்து வெண்பட்டும், இளம்பிள்ளைச் சேலையும், இராசிபுரத்துப் பட்டும் பெயர் பெற்றவை. கைத்தறித் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் இந்திய அரசின் கல்வி நிலையம் ஒன்று 1960ஆம் ஆண்டில் சேலத்தில் தொடங்கப்பெற்றது. பூவேலை நெய்யும் தறிகளின்மேல் ஜக்கார்டு பெட்டி அமர்ந்திருப்பதைக் காணலாம். பிரான்சு நாட்டு லியோன் நகரைச் சேர்ந்த ஜக்கார்டு என்பவர் 1804ஆம் ஆண்டில் அதனை நிறைவு பெறச் செய்தார். துளையிட்ட அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக அப்பெட்டியை அடைகின்றன. துளை உள்ள இடத்தில் கொக்கி மேலெழுகிறது. துளை இல்லாத இடத்தில் எழாமல் நிற்கிறது. கொக்கியிலிருந்து தொங்கும் கயிறு பாவு நூலைத் தூக்குகிறது. அட்டை, கொக்கி, கயிறு, நூல் என்னும் இவ்வரிசை அறாமல் இருந்தால்தான் சேலையில் பூ மலரும்.

சேலையில் குறை தோன்றினால், தேர்ந்த நெசவாளர் மனம் கலங்குவதில்லை. தறியைப் பிரித்துப் போடுவதுமில்லை. குறையின் வடிவத்தையே முதலில் உற்று நோக்குகிறார். குறை நீளவாக்கில் கோடுபோல ஓடினால், ஒரு கயிறு அறுந்திருத்தல் கூடும். ஒவ்வொரு பூவிலும் ஒரே இடத்தில் மட்டும் குறை திரும்பத் திரும்பத் தோன்றினால், அட்டை ஒன்றில் துளை தவறியிருத்தல் கூடும். இவ்வாறு குறையே அதன் பிறப்பிடத்தைக் காட்டிக் கொடுக்கிறது.

செயலியின் அமைப்பும் இத்தகையதே. ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோனுக்குரிய செயலிகள் எக்ஸ்கோடு என்னும் மென்பொருளில் ஆக்கப்பெறுகின்றன. அதனுள் இன்டர்ஃபேஸ் பில்டர் என்னும் பகுதி உண்டு. பொத்தான், எழுத்துப்பலகை முதலியவற்றைத் திரையில் வைத்து, நிரலோடு கோடிழுத்து இணைக்க அது உதவுகிறது. 1980களில் இதனை உருவாக்கியவர் ழான் மரி ஹுல்லோ என்னும் அறிஞர். ஜக்கார்டைப் போலவே அவரும் பிரான்சு நாட்டினர்.

கோழிப்பண்ணைகள் மிகுந்த நாமக்கல்லில், அன்றாட முட்டை விலையைக் காட்டும் செயலி ஒன்றை ஒரு மாணவி ஆக்குகிறாள் எனக் கொள்க. திரையில் விலையைக் காட்ட ஒரு பலகை. புதிய விலையைக் கேட்க ஒரு பொத்தான். நிரல் பலகையை அடைவதற்கு ஓர் இணைப்பு வேண்டும். அதற்கு அவுட்லெட் என்று பெயர். பொத்தானைத் தொட்டதும் செய்தி நிரலை அடைவதற்கு மற்றோர் இணைப்பு வேண்டும். அதற்கு ஆக்‌ஷன் என்று பெயர். முன்னது நிரலிலிருந்து திரைக்குச் செல்லும் வழி. பின்னது திரையிலிருந்து நிரலுக்கு வரும் வழி.

அம்மாணவி பலகைக்கு முதலில் ‘விலைப்பலகை’ என்று பெயரிட்டாள். பின்னர் நிரலில் மட்டும் அப்பெயரை ‘முட்டைவிலை’ என்று மாற்றினாள். நிரலில் எழுத்துப்பிழை இல்லை, இலக்கணப்பிழையும் இல்லை. ஆயினும் செயலியை இயக்கியதும், திரை தோன்றுமுன்பே அது நின்றுவிடுகிறது. பண்ணையாளர் கையில் அச்செயலி இருந்திருந்தால், அன்றைய விலையை அவர் அறிந்திருக்க இயலாது. பல நாள் உழைப்பு ஒரு சொல்லால் வீணாயிற்றே என்று மாணவி திகைக்கிறாள்.

இது நேர்ந்த காரணம் யாது? திரையின் அமைப்பு நிரலில் இல்லை; ஸ்டோரிபோர்டு என்னும் வேறொரு கோப்பில் உள்ளது. இணைப்பு என்பதும் அக்கோப்பில் எழுதப்பெற்ற ஒரு பெயரே ஆகும். நிரலைச் சரிபார்க்கும் தொகுப்பி நிரலை மட்டுமே ஆராய்கிறது. இவ்விரு கோப்புகளிலும் உள்ள பெயர்கள் ஒத்திருக்கின்றனவா என்று அது ஆராய்வதில்லை. செயலி இயங்கும்பொழுதுதான் திரை, ‘விலைப்பலகை எங்கே?’ என்று தேடுகிறது. அப்பெயருடைய எதுவும் நிரலில் இல்லை. ஆகவே, செயலி நின்றுவிடுகிறது. ஒவ்வொரு முனையும் தனித்தனியே சரியாக இருந்தும், இரண்டிற்கும் இடைப்பட்ட இழை அறுந்துபோயிற்று.

இங்கும் குறையின் வடிவமே வழிகாட்டும். திரை தோன்றும்பொழுதே செயலி நின்று, இன்ன பெயருக்கு உரியது இல்லை என்று செய்தி வருமாயின், அவுட்லெட்டின் பழைய பெயர் கோப்பில் எஞ்சியிருக்கிறது. திரை தோன்றியபின், பொத்தானைத் தொட்டதும் நின்றால், ஆக்‌ஷனின் பெயர் மாறியிருக்கிறது. வெறுமையான ஒன்றை நிரல் பயன்படுத்த முயன்றது என்று செய்தி வந்தால், அவுட்லெட் எழுதப்பெற்றும் பலகையோடு இணைக்கப்பெறாமல் இருத்தல் கூடும். பொத்தானைத் தொட்டும் ஒன்றுமே நிகழாவிடின், ஆக்‌ஷன் இணைக்கப்பெறாமல் இருத்தல் கூடும். ஒரு பொத்தானைத் தொட இரு செயல்கள் நிகழ்ந்தால், வேறொரு பொத்தானைப் படியெடுத்தபொழுது அதன் பழைய இணைப்பும் உடன் வந்திருத்தல் கூடும்.

காரணத்தை இவ்வாறு ஊகித்தபின், அதனைக் கண்ணால் கண்டு உறுதி செய்தல் வேண்டும். எக்ஸ்கோடில் நிரலின் ஓரத்தில் ஒரு சிறு வட்டம் தோன்றும். அது நிறைந்திருந்தால் இணைப்பு உண்டு; வெறுமையாக இருந்தால் இணைப்பு இல்லை. இணைப்புகளின் பட்டியலில், அறுந்த இணைப்பின் அருகே மஞ்சள் நிற எச்சரிக்கைக் குறி காணப்படும். பழைய இணைப்பை நீக்கிப் புதியதை இழுத்தால் குறை தீரும். பெயரை மாற்றுவதற்கென்றே எக்ஸ்கோடில் அமைந்துள்ள வசதியைப் பயன்படுத்தியிருந்தால், இரு கோப்புகளிலும் பெயர் ஒருங்கே மாறியிருக்கும், குறையே நேர்ந்திராது. ஆண்டிராய்டு செல்பேசிக்குரிய செயலிகளிலும், திரையில் இல்லாத பெயரை நிரல் தேடினால் இத்தகைய இடர் நேர்கிறது.

சிலர் செய்தியைப் படியாமலே அதனை மூடிவிடுகின்றனர். சிலர் ஒரே நேரத்தில் பலவற்றை மாற்றுகின்றனர். பிறகு எதனால் குறை தீர்ந்தது என்றோ, எதனால் புதிய குறை பிறந்தது என்றோ அவர்களால் கூற இயலுவதில்லை. இன்னும் சிலர் செய்ததனைத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகின்றனர். அறுந்த ஒரு கயிற்றுக்காகத் தறியையே பிரிப்பது போன்றது அது. ஒன்றை மாற்றி, இயக்கிப் பார்த்து, அதன் பின்னரே அடுத்ததை மாற்றுதல் அறிவுடையார் முறை.

மாணவி அச்செய்தியை மீண்டும் படித்தாள். அதில் ‘விலைப்பலகை’ என்னும் பழைய பெயர் இருந்தது. அப்பெயரைப் பின்தொடர்ந்து சென்று, அறுந்த இணைப்பைக் கண்டாள். அதனை நீக்கிப் புதிய இழையை இழுத்தாள். திரையில் முட்டை விலை தோன்றியது. பிழைச் செய்தி பழிச்சொல் அன்று. அது வழி கூறும் சொல். அதனைப் பொறுமையுடன் கேட்டு, இழையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை செல்வோர்க்குத் தறியும் பணியும், கணிப்பொறியும் பணியும்.